சிறிய ஊர்கள் சேர்ந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவருவது எப்படி? ஆதாரம் தேடுவதிலிருந்து முதல் கோடை வரை

பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு பேரூராட்சிகள், இடையில் ஏராளமான கிராமங்கள். போர்வெல் வற்றுகிறது, வற்றாத இடத்தில் உப்புக் கரிக்கிறது, ஆறோ முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களின் மன்ற உறுப்பினர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும், மனு எடுத்துக்கொண்டு அலைகிற ஊர் இளைஞர்களுக்கும் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன், அதாவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டி ஓட்டுகிற, ஊர்கள் மொத்தமாகத் தண்ணீர் வாங்கிப் பகிர்ந்துகொள்கிற முறை.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் நிதி கேட்டு மனு, அப்புறம் குழாய்ப் பாதை, அப்புறம் தொட்டி, எல்லாம் முடிந்த பிறகு "மின்கட்டணம் யார் கட்டுவது, கோடையில் யாருக்கு எவ்வளவு" என்ற பேச்சு. அந்தக் கடைசிப் பேச்சைத்தான் முதலில் பேச வேண்டும். குழாய் மண்ணுக்குள் போன பிறகு எந்த ஊரும் தன் பங்கை விட்டுக்கொடுக்காது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோப்பு போடுங்கள். 1981 முதல் 2011 வரையிலான மக்கள்தொகை, இப்போதைய குடும்ப அட்டை எண்ணிக்கை, வீட்டுவரி விதிப்பு எண்ணிக்கை, குடிநீர் இணைப்பு எண்ணிக்கை. ஒவ்வொரு போர்வெல்லும் திறந்தவெளிக் கிணறும் கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு தருகிறது. மேல்நிலைத் தொட்டிகளின் கொள்ளளவு, கட்டிய ஆண்டு, இப்போதைய நிலை. மூன்றாண்டு மின்கட்டண ரசீது. குடிநீர்க் கட்டணத்தில் கேட்பு, அதாவது வர வேண்டியது எவ்வளவு, வசூல் எவ்வளவு.

அதோடு ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஆய்வக நீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இதைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுங்கள், ஏனென்றால் மழை முடிந்ததும் எடுத்த மாதிரி எல்லாத் தண்ணீரையும் நல்ல தண்ணீராகக் காட்டிவிடும்.

பல ஊர்களில் இணைப்புப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் தெருவில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. அனுமதியில்லாத இணைப்புகளை இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருமானக் கணக்குப் போடும்போது இந்த எண் இல்லாவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும்.

## 2. கூட்டுத் திட்டம் உண்மையிலேயே தேவையா?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது என்றால் முப்பது ஆண்டுக்கு மின்கட்டணம் கட்ட ஒப்புக்கொள்வது என்று பொருள். உள்ளூரில் ஏரியைத் தூர்வாரி, இரண்டு கிணற்றை ஆழப்படுத்தி, குழாய்க் கசிவை அடைத்தால் தீருகிற பிரச்சினைக்கு அது தேவையில்லை.

கூட்டுத் திட்டம் தவிர்க்க முடியாதது எப்போது? தண்ணீரின் தரமே கெட்டிருக்கும்போது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மொத்தக் கரைதிடம், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2000. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். எத்தனை ஆழம் தோண்டினாலும் அது போகாது என்பதால்தான் ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துவரும் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. ராமநாதபுரத்தில் உப்பு, அதற்குத் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய்.

அளவு மட்டும்தான் குறை, தரம் பரவாயில்லை என்றால் உள்ளூர் ஆதாரத்தை வைத்துக்கொண்டு பற்றாக்குறைக்கு மட்டும் கூட்டுத் திட்டத்தில் கேளுங்கள். திட்டம் வந்ததும் பழைய கிணறுகளைக் கைவிடுவது மிகப் பரவலான தவறு. தலைமை நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதாகி நான்கு நாள் தண்ணீர் வராதபோது ஊரைக் காப்பாற்றுவது அந்தப் பழைய கிணறுதான்.

## 3. எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர்

கிணறு, கட்டடம், முக்கியக் குழாய் ஆகியவற்றை முப்பது ஆண்டுக்கும், பம்பு மோட்டாரைப் பதினைந்து ஆண்டுக்கும் கணக்கிடுவது வழக்கம். மோட்டாரை மாற்றலாம், புதைத்த குழாயை மாற்றுவது சுலபமில்லை, அதுதான் காரணம். 2011க்குப் பிறகான கணக்கெடுப்பு எண்கள் கைக்கு வரும்வரை பழைய எண்களை நீட்டித்துத்தான் மதிப்பிட வேண்டும், அதனால்தான் குடும்ப அட்டை எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். புறவழிச்சாலை வந்த ஊர், கல்லூரி வந்த ஊர், ஆட்கள் வெளியூர் போய்விட்ட ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே வளர்ச்சி விகிதம் போட்டால் ஒரு ஊரின் தொட்டி வழியும், இன்னொரு ஊரில் பாதிகூட நிறையாது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதில் கவனம் தேவை. மத்திய அரசின் ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவனில் கிராமத்துக்கு 55 லிட்டர். நகர்ப்புறத்துக்கு மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70, சாக்கடை இருக்கிற அல்லது வரப்போகிற ஊருக்கு 135 என்று இருந்தது; கையேடு 2024இல் திருத்தப்பட்டதால் நடப்பு எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு முடிவு திட்டத்தின் அளவையே மாற்றிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பதாண்டு கழித்துப் பேரூராட்சிகளில் மொத்தம் 60,000 பேர், கிராமங்களில் 45,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சிக்கு 135 போட்டால் 81 லட்சம் லிட்டர், கிராமத்துக்கு 55 வீதம் 24.75 லட்சம், ஆக 105.75 லட்சம் லிட்டர். வழியில் 15 சதவீதம் இழப்பு என்றால் ஆற்றில் எடுக்க வேண்டியது ஏறக்குறைய 124 லட்சம் லிட்டர். அதே பேரூராட்சிகளுக்கு 70 போட்டால் 78.5 லட்சத்திலேயே முடிந்துவிடும். சாக்கடைத் திட்டம் வரும் என்று யாரோ மேடையில் சொன்னதை நம்பி 135 போடக் கூடாது, எழுத்தில் இருந்தால் போடுங்கள். அதேபோல வருவது உறுதியான ஊருக்கு 70 போட்டுவிட்டால் சாக்கடைக் குழாயில் கழிவு நகரவே தண்ணீர் போதாது.

திருவிழாக் கூட்டம், விடுதி, மருத்துவமனை, பேருந்து நிலையம் இவற்றைத் தனியாகச் சேருங்கள். கோயில் ஊர்களில் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் லாரித் தண்ணீர்தான்.

## 4. ஆதாரம்: மோசமான ஆண்டை வைத்து முடிவெடுங்கள்

ஆற்றுப் படுகையில் நீர் சேகரிப்புக் கிணறு அமைத்து, மணலடி நீரைப் பக்கவாட்டுக் குழாய்கள் வழியாக உள்ளே இழுப்பதுதான் தமிழ்நாட்டில் அதிகம் பழகிய முறை. மணலே வடிகட்டி வேலையைப் பெருமளவு செய்துவிடுவதால் சுத்திகரிப்புச் செலவு குறைவு. ஆனால் மணல் அள்ளப்பட்ட இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது. படுகை இறங்கினால் நீர்மட்டம் பக்கக் குழாய்களுக்குக் கீழே போய்விடும், கிணறு நன்றாகவே இருக்கும், தண்ணீர்தான் இருக்காது. இடம் தேர்வு செய்யும் முன் அங்கே படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பழைய பாலத்தின் அடித்தூண்களைப் பார்த்தாலே பாதி புரியும், கரையோர விவசாயிகளைக் கேட்டால் மீதியும் தெரியும்.

அந்த இடம் எவ்வளவு தண்ணீர் தரும் என்று பார்க்கிற நீர் மகசூல் சோதனையை ஏப்ரல், மே மாதங்களில் செய்யச் சொல்லுங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது, அடுத்து வந்த 2017 கோடையில் அந்த இடத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று நீர்வளத் துறையின் பதிவுகளைக் கேளுங்கள். அந்தக் கோடையில் தாங்கிய ஆதாரம்தான் ஆதாரம்.

வறட்சியைப் பார்க்கிறவர்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருவெள்ளத்தில் கரையோரக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகளும் மோட்டார்களும் மூழ்கி, ஊரெல்லாம் வெள்ளம் நிற்கும்போதே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. மின் பலகை, மின்மாற்றி, மோட்டார் தளம் மூன்றும் பதிவான உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். அங்கே போகிற பாலமோ பாதையோ வெள்ளத்தில் நிற்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் மோட்டார் நனையாவிட்டாலும் ஆள் போக முடியாவிட்டால் பயனில்லை.

இங்கேயே நீர்வளத் துறையிடம் நீர் எடுக்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் ஏற்கெனவே எத்தனை திட்டங்கள் தண்ணீர் எடுக்கின்றன, பாசனத்துக்கு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் தருவார்கள். இந்த அளவு முடிவாகாமல் குழாயின் விட்டத்தைப் பேசுவது வீண்.

## 5. ஓட்டும் செலவை இப்போதே போடுங்கள்

பலரும் தவறவிடுகிற படி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாவிட்டால் 0.27 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடுகின்றன என்றால் 0.42 யூனிட். உயரம் என்பது மேட்டின் உயரம் மட்டும் இல்லை, குழாய்க்குள் உராய்வில் போகிற அழுத்தத்தையும் சேர்க்க வேண்டும், தட்டையான நாற்பது கிலோமீட்டரில் உராய்வுதான் பெரும்பங்கு. மொத்தம் 120 மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 4 ரூபாய்.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் மாதம் 16 ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் வரும், வழி இழப்பைச் சேர்த்தால் 19 ஆயிரம். ஆக அந்த வீட்டுக்கு மின்சாரத்துக்கு மட்டும் மாதம் 76 ரூபாய். இதற்கு மேல் ஆட்கள் சம்பளம், குளோரின், பழுதுபார்ப்பு, ஊருக்குள் மறுபடியும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற மின்சாரம். இந்தக் கூட்டுத்தொகையை இப்போது ஊரில் வசூலிக்கிற மாதக் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதி மன்றக் கூட்டத்தில் வையுங்கள்.

இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதை எதிலிருந்து நிரப்புவது என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டும்: கட்டண உயர்வா, பொதுநிதியா, மாநில அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் மாநில நிதிக்குழு மானியத்தில் பிடித்தமா. ஏழை வீட்டுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும், நானும் அதையே விரும்புகிறேன், ஆனால் அந்தக் குறைவை யார் சுமக்கிறார்கள் என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஊர்கள்தான் நிலுவை சேர்க்கின்றன, நிலுவை சேர்ந்ததும் பராமரிப்பு நின்று, கசிவு கூடி, தண்ணீர் குறைந்து, "தண்ணீரே வரவில்லை, எதற்குக் கட்டணம்" என்று மக்கள் கேட்கிற இடத்துக்கு வந்துவிடுகிறது.

## 6. ஊர்களுக்குள் உடன்பாடு

தீர்மானம் எல்லா ஊரும் போடும். "கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேண்டும் என மன்றம் ஏகமனதாகக் கோருகிறது" என்ற ஒரு வரித் தீர்மானத்தால் பின்னால் எந்தச் சண்டையும் தீராது. தீர்மானத்தோடு இணைக்கும் உடன்பாட்டில் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்கட்டும்.

- ஒவ்வொரு ஊருக்கும் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அது எந்த இடத்துத் தொட்டியில், எந்த அளவுமானியில் கணக்காகும்.
- ஆதாரத்தில் தண்ணீர் குறைந்தால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பதா, அல்லது குறைந்தபட்சக் குடிநீரை எல்லாருக்கும் உறுதிசெய்து மீதியைப் பிரிப்பதா. நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் சொந்தக் கிணறே இல்லாத ஊர் முதல் முறையில் முழுதாகக் காய்ந்துவிடும்.
- மாதக் கட்டணம் எந்தத் தேதிக்குள், தவறினால் மானியத்தில் பிடித்தம் செய்ய முன்கூட்டிய ஒப்புதல்.
- பின்னால் சேர விரும்பும் ஊர், தொழிற்சாலை, வீட்டுமனைப் பிரிவு ஆகியவற்றுக்கு யார் அனுமதி தருவது.
- அளவுமானி பழுதானால் அந்த மாதக் கணக்கை எப்படிப் போடுவது.

கடைசியில் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அதிகச் சச்சரவு வருவது அதில்தான். கடந்த மூன்று மாதச் சராசரி என்று ஒரு வரி போட்டால் போதும்.

குழாயின் வால் பகுதியில், அதாவது கடைசியில் இருக்கும் ஊரைப் பேச்சில் முதலில் உட்காரவையுங்கள். தலைப்பகுதி ஊர்கள் எப்படியும் தண்ணீர் பெறும். வாலில் இருக்கிற ஊர் ஒப்புக்கொள்கிற உடன்பாடுதான் கோடையிலும் நிற்கும்.

## 7. பாதை, நிலம், அனுமதிகள்

பாதை அளவை முடிந்த வாரமே எல்லா அனுமதிக்கும் விண்ணப்பம் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, ரயில்வே, வனத்துறை, மின்வாரியத்தின் உயர் அழுத்த இணைப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனி மேசை, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் இழக்கிறார்கள். ரயில் பாதையின் அடியில் பள்ளம் தோண்டாமல், குழாயைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கட்டணமும் மேற்பார்வையும் அவர்களுடையது. வனநிலம் ஒரு கிலோமீட்டர் வந்தாலும் சுற்றிப்போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கொஞ்சம் நீளம் கூடினாலும் காலம் மிச்சமாகும்.

தொட்டிக்கும் நீருந்து நிலையத்துக்கும் நிலத்தை வருவாய்த்துறைப் பதிவேட்டில் சரிபாருங்கள். தலைவர் "அது புறம்போக்குதான்" என்று சொன்னது போதாது. மேய்ச்சல் புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா, யாருக்காவது ஒப்படை கொடுத்திருக்கிறதா என்று சர்வே எண்ணோடு பார்க்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டினால் வழக்கு வரும், வேலை நிற்கும். பட்டா நிலம் தேவைப்பட்டால் தானப் பத்திரமோ கிரயமோ பதிவு முடிந்த பிறகே அந்த இடத்தை வரைபடத்தில் ஏற்றுங்கள். வாய்வார்த்தையாக நிலம் கொடுத்தவர் காலமாகி, வாரிசுகள் மறுத்தால் தொட்டியின் இடமே மாறும், இடம் மாறினால் அழுத்தக் கணக்கே மாறும்.

## 8. வடிவமைப்பில் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியவை

கணக்கைப் பொறியாளர்கள் போடுவார்கள். நீங்கள் சரியான கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பம்பு ஓடுகிறது? மேலே சொன்ன 124 லட்சம் லிட்டரை 23 மணி நேரத்தில் தள்ளினால் நொடிக்கு 150 லிட்டர், 20 மணி நேரத்தில் தள்ளினால் 173. 23 என்று போட்டால் குழாயும் மோட்டாரும் சிறிதாகி மதிப்பீடு குறையும், ஆனால் மின்தடைக்கும் பழுதுக்கும் இடமே இல்லை. மின்சாரம் நிலையில்லாத பகுதிக்கு 20ஐக் கேளுங்கள்.

குழாயின் விட்டத்தை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அதே அளவு தண்ணீர் 400 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 450இல் போனால் உராய்வு இழப்பு பழையதில் சுமார் 56 சதவீதமாகிவிடும். குழாய்க்கு ஒருமுறை செலவு, மின்சாரத்துக்கு முப்பதாண்டு செலவு. இரண்டையும் சேர்த்துக் கூட்டி எது குறைவோ அதை எடுக்க வேண்டும். கட்டுமான மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும்போது முதலில் அடிபடுவது குழாயின் விட்டம்தான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு கிளையிலும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அளவுமானியும் உண்டா? இல்லாவிட்டால் தாழ்வான, அருகிலுள்ள ஊர் தன் பங்கைத் தாண்டி இழுத்துக்கொள்ளும், அது யாருடைய குற்றமும் இல்லை, தண்ணீரின் குணம் அப்படி.

குழாயில் சேரும் காற்றை வெளியேற்றும் காற்று வால்வுகளும் வழியோரக் கிராமங்களும். முக்கியக் குழாய் கடந்துபோகிற கிராமத்துக்குத் தண்ணீர் ஒதுக்காமல் விட்டால் காற்று வால்வைத் தளர்த்தித் தண்ணீர் பிடிப்பார்கள். கண்ணெதிரே ஆற்றுத் தண்ணீர் போகும்போது குடத்தோடு நிற்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குடியிருப்புகளையும் பயனாளிப் பட்டியலில் சேர்த்து, முறையான கிளை கொடுத்துவிடுங்கள். வால்வு காவலுக்கு ஆள் போடுவதைவிட இது மலிவு.

மின்தடை ஏற்பட்டுப் பம்பு சட்டென்று நின்றால் குழாய்க்குள் அழுத்த அலை எழுந்து மூட்டுகளைப் பிளக்கும். அதைத் தாங்க என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். குழாய்களில் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஈபிஏநெட் என்ற இலவச மென்பொருளில் திட்டத்தின் மாதிரியைப் போட்டு, வால் ஊரின் தொட்டிக்குக் கோடை மாலையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று காட்டச் சொல்லலாம்.

## 9. பணம்: எந்தச் செலவுக்கு எந்த வழி

இந்த இடத்துக்கு வந்தபிறகுதான் நிதி. இதுவரை சொன்ன எண்கள் இல்லாமல் போனால் கிடைக்கிற தொகைக்குத் தக்கபடி திட்டத்தை வெட்டுவார்கள், தேவைக்குத் தக்கபடி தொகை வராது.

முதலில் திட்டச் செலவை ஊரகம், நகர்ப்புறம் என்று பிரிக்க வேண்டும். ஜல் ஜீவன் பணம் பேரூராட்சிக்கு வராது, மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் பணம் ஊராட்சிக்கு வராது. மொத்தச் செலவை மக்கள்தொகைப்படி பிரிப்பது சுலபம், ஆனால் சரியில்லை. குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் யாருக்கான தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியின் செலவை அந்த விகிதத்தில் பிரியுங்கள். 100 லிட்டரில் 70 லிட்டர் பேரூராட்சிக்குப் போகிற பகுதி என்றால் அதன் செலவில் 70 சதவீதம் நகர்ப்புறக் கணக்கு. கடைசிப் பேரூராட்சியைத் தாண்டிய பகுதி முழுக்க ஊரகக் கணக்கு. தணிக்கையில் நிற்கும் கணக்கு இதுதான்.

ஊரகப் பங்கு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மத்திய, மாநிலப் பங்கு பாதிக்குப் பாதி. ஊருக்குள் செய்கிற வேலைகளுக்கு மக்கள் பங்களிப்பு 10 சதவீதம், மலைப்பகுதிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊருக்கும் 5 சதவீதம். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, பொருளாகவும் உழைப்பாகவும் தரலாம், ஆனால் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

நகர்ப்புறப் பங்கு. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0இன் விதிப்படி ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு மத்தியப் பங்கு 50 சதவீதம். அது 20, 40, 40 சதவீதம் என மூன்று தவணையாக வரும். முதல் தவணை சிறியது என்பதால் குழாய் வாங்குகிற முதலாண்டில் கைப்பணம் முட்டும், அந்த இடைவெளிக்கு மாநிலப் பங்கையோ கடனையோ முன்னால் கொண்டுவரத் திட்டமிடுங்கள். இந்தத் திட்டங்களுக்குக் காலவரம்பு உண்டு, பெயரும் விகிதமும் மாறும், அதனால் பேசப் போகும் நாளில் நடப்பில் இருக்கிற அரசாணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதிக்குழு மானியம். மத்திய அரசின் 15வது நிதிக்குழுவின் மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று ஒதுக்கப்பட்டது. இப்படி நோக்கத்தைக் குறித்துக் கொடுக்கிற மானியத்தைத் தெருவோரச் சிறு வேலைகளாகத் துண்டு போடாமல், திட்டத்தில் உங்கள் பங்குக்கும் ஊருக்குள் பகிர்மானக் குழாய்க்கும் ஒதுக்கிவையுங்கள்.

கடன். மீதிக்குக் கடன் வாங்கும் முன் வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 6 கோடி ரூபாயை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டில் அடைத்தால் ஆண்டுக்கு 74 லட்சத்துக்கு மேல். 5,000 இணைப்பு உள்ள ஊரில் ஒரு இணைப்புக்கு மாதம் 124 ரூபாய். ஐந்தாம் படியில் போட்ட ஓட்டும் செலவோடு இதையும் கூட்டி, ஊர் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் மாநிலப் பங்கைக் கூட்டிக் கேட்க உங்கள் கையில் இருக்கிற வாதமே இந்த எண்தான்.

தனியாக ஒரு பேரூராட்சிக்குச் சந்தையில் யாரும் கடன் தரமாட்டார்கள். சேர்ந்தால் வழி உண்டு. 2002இல் தமிழ்நாட்டில் குடிநீர், துப்புரவுக் கூட்டு நிதியம் என்ற அமைப்பு ஒரு டஜனுக்கு மேற்பட்ட சிறு, நடுத்தர நகரங்களின் கடன் தேவையை ஒன்றாக்கி, 30 கோடிக்குச் சற்று மேல் 15 ஆண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது, வட்டி 9.2 சதவீதம். ஊர்கள் தங்கள் வருவாயிலிருந்து தனிக் கணக்கில் பணம் ஒதுக்கின, தவறினால் மாநில மானியத்தில் பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது, அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பு உத்தரவாதம் தந்தது. முதலீட்டாளருக்கு நம்பிக்கை வந்தது இந்த அடுக்குகளால்தான். ஆறாம் படியில் மானியப் பிடித்தத்துக்கு ஒப்புதல் எழுதச் சொன்னதன் இன்னொரு பயன் இது.

முன்வைப்புத் தொகை. அப்போது சென்னையை அடுத்த தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு 1990களின் இறுதியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்கூட்டியே வசூலித்தார்கள். குடிநீருக்கும் இது பொருந்தும். தொகை சிறியதானாலும் பரவாயில்லை, தவணையாக வாங்குங்கள், தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், இருப்பை மாதாமாதம் அலுவலகப் பலகையில் எழுதுங்கள். மக்கள் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது கடன் தருகிறவருக்கும் ஒரு சான்று.

## 10. ஒப்பந்தப்புள்ளியும் வேலை வரிசையும்

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்ற அலுவலக வரிசை உங்களுக்கே தெரியும். வேலையின் வரிசையில்தான் கண் வைக்க வேண்டும். குழாயை இறக்கியதும் பில் போடலாம் என்பதால் ஒப்பந்ததாரர்கள் குழாய் வேலையை வேகமாக ஆரம்பிப்பார்கள், ஆற்றுக்குள் கிணறு வேலை பின்தங்கும். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்கள் சில மட்டுமே, அதைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. கிணற்றுப் பணி இந்த அளவு எட்டினால்தான் அடுத்த கட்டக் குழாய்க்குப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே கட்டிப்போடுங்கள்.

மண்ணை மூடும் முன் ஒவ்வொரு பகுதியையும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், ஓட்டும்போது வரும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில். "அப்புறம் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவிட்டால் கசிவைத் தேடி நெடுஞ்சாலையை மறுபடி வெட்ட வேண்டிவரும். ஊருக்குள் பகிர்மானக் குழாய் வேலை இதற்கு இணையாக நடக்கட்டும், ஆற்றுத் தண்ணீர் ஊர் எல்லைத் தொட்டிக்கு வந்துவிட்டது, தெருவுக்குப் போகக் குழாய் இல்லை என்ற நிலை பல இடங்களில் வந்திருக்கிறது.

## 11. சோதனை ஓட்டமும் முதல் கோடையும்

முதலில் குழாயைக் கழுவி, குளோரின் போட்டு நிறுத்தி, மறுபடி கழுவ வேண்டும். அப்புறம் வால் ஊரின் தொட்டியை முதலில் நிரப்பிப் பாருங்கள், அங்கே வந்தால் மற்ற இடங்களுக்கும் வரும். அங்கே கடைசித் தெருக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பாருங்கள். நீண்ட குழாயில் குளோரின் வழியிலேயே தீர்ந்துவிடும், நடுவில் ஒரு தொட்டியில் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கலாம்.

அளவுமானியை வாரியத்தின் ஆளும் ஊரின் ஆளும் சேர்ந்து ஒரே நாளில் படித்து, ஒரே தாளில் கையெழுத்திடட்டும். தலைமை நிலையத்தில் அனுப்பியது, ஊர்த் தொட்டிகளில் பெற்றது, வீட்டு இணைப்புகளில் கட்டணம் விதித்தது என்ற மூன்று எண்களும் மாதந்தோறும் ஒரே பக்கத்தில் இருந்தால் தண்ணீர் எங்கே தொலைகிறது என்று தானாகத் தெரியும். முதல் இரண்டுக்கும் இடையில் இடைவெளி என்றால் முக்கியக் குழாயில் கசிவோ திருட்டோ, பின் இரண்டுக்கும் இடையில் என்றால் ஊருக்குள்.

முதல் ஏப்ரல் வரும்போது பழைய கிணறுகளை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தயாராக வையுங்கள். மாற்று மோட்டாரை மாதத்தில் சில நாள் முறைவைத்து ஓட்டுங்கள், ஓடாமல் கிடக்கிற மோட்டார் தேவைப்படும் நாளில் கிளம்பாது. அந்தக் கோடையில் எந்த ஊருக்கு எந்த வாரம் எவ்வளவு குறைந்தது என்று குறித்துவைத்து, ஜூன் மாதக் கூட்டத்தில் அந்த எண்களை வைத்து உடன்பாட்டின் பங்கீட்டு விதியைத் திருத்துங்கள்.